எழுவாய் யார்? கருத்தரங்குகளும் நம்ம பிள்ளைகளும்

(விருதுநகரில் கூடிய தலித் ஆய்வு மாணவர்கள் முன் பேசியது. எழுத்தாக்கும்போது பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஆய்வு மாணவர் கருத்தரங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் நாலு கருத்தரங்காவது பார்த்தவர்கள்தான். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். வாய்விட்டுச் சொன்னாத்தான் அதில் இருக்கிற கூத்து நமக்கே விளங்கும்.

பொங்கல் முடிஞ்சதும் அழைப்பிதழ் வர ஆரம்பிக்கும். மார்ச் 31க்குள்ள நிதியைச் செலவழிக்கணும்ல. 'பன்முக நோக்கில் தமிழ் இலக்கியம்', 'பன்னாட்டுக் கருத்தரங்கம்'னு போட்டிருக்கும். பன்னாடுன்னா மலேசியாவிலிருந்து ஒருத்தர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தர். அவுகளும் இப்போ திரையிலதான் வர்றாக. பதிவுக் கட்டணம் ஐநூறோ ஆயிரமோ கட்டணும். கட்டினா ஒரு பை, ஒரு பேனா, மத்தியானச் சாப்பாடு, கட்டுரை அச்சான தடிப் புத்தகம், சான்றிதழ். காலை பூராவும் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. பதினொன்றரைக்கு மேலேதான் 'அமர்வு'. ஒரே நேரத்தில் ஆறு வகுப்பறையில் ஆறு அமர்வு. ஆளுக்கு ஏழு நிமிசம். நாலாவது நிமிசத்தில் தலைவர் மணியடிப்பார். "சுருக்கமா முடிச்சிருங்கம்மா." முடிச்சாச்சு. அடுத்த ஆள். கேள்வி? கேள்விக்கு நேரமில்லை, பஸ்சைப் பிடிக்கணும்.

2020இல் கொரோனா வந்தபோது இதுவும் கழண்டுபோய், இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் வந்து விழுந்தது. கட்டுரை வாசித்தவருக்கும் வந்தது; கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவருக்கும் வந்தது.

இதெல்லாம் ஏன் நடந்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு விதி போட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கட்டுரை கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்று. விதி வந்ததும் சந்தை வந்துவிட்டது. 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். சந்தை எடுபடவில்லை. கூடவே எம்.பில்.லையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு எம்.பில். என்பது ஒரு திண்ணை. உள்ளே நுழையுமுன் உட்கார்ந்து, எப்படி எழுதுவது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று பழகிக்கொள்கிற இடம். திண்ணையை இடித்துப்போட்டு "நேரே உள்ளே வா" என்கிறார்கள். வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறவனுக்குத் திண்ணை எதுக்கு?

ஏழு நிமிசக் கட்டுரைக்கு நம்ம பிள்ளை கட்டுகிற ஆயிரம் ரூபாய் எங்கேயிருந்து வருது என்பதும் உங்களுக்குத் தெரியும். செமஸ்டர் லீவில் பயர் ஆபீசில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கப் போறாக. திரி வெட்டப் போறாக. வீட்டில் குழாய் உருட்டுறாக. எல்லாம் பீஸ் ரேட்டு. சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கமிருந்து வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. அந்தக் கூலியில் ஒரு பகுதி பதிவுக் கட்டணமாகப் போகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுத் தீர்ப்புச் சொல்லி, பேரியம் உப்புக்குத் தடை வந்து, ஆலைகளை மாதக்கணக்கில் மூடிப் போட்டபோது எத்தனை வீட்டில் கல்லூரிக் கட்டணம் நின்றது என்று யாராவது ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, கருத்தரங்கே வேண்டாமென்று சொல்ல வந்தேனா? இல்லை தோழர்களே. அது நமக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு ஆய்வு மாணவரின் கட்டுரையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறேன்.

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் என்கிற மானிடவியல் பேராசிரியரின் ஆய்வு வகுப்பு. 25 வயது மாணவர் ஒருவர் எழுந்து கட்டுரை வாசிக்கிறார். தலைப்பு 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி'. வாசித்தவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் போனவர். பாபாசாகேப் என்று யாரும் அப்போது அழைக்கவில்லை, டாக்டர் பட்டமும் இல்லை. நம்மை மாதிரி ஒரு ஆய்வு மாணவர்.

அவர் என்ன செய்தார்? செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குச் சாதி பற்றி எழுதிய பெரிய ஆட்கள் நாலு பேரை வரிசையாக நிறுத்தினார். ஒருத்தர் ஆங்கில அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நடத்தியவர். ஒவ்வொருவர் சொன்ன இலக்கணத்தையும் எடுத்துப் பிரித்து, எங்கே போதவில்லை என்று காட்டினார். பிறகு தன் கருத்தை வைத்தார்: சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. சாதிக்குள்ளேயே ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சரியாக இருந்தாக வேண்டும். புருசன் செத்தால் பெண் மிச்சம், பெண்டாட்டி செத்தால் ஆண் மிச்சம். அந்த மிச்சத்தைச் சரிக்கட்டத்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் வந்தன என்றார். சாதி ஒழிப்பையும் பெண் விடுதலையையும் ஒரே முடிச்சில் கட்டிய அந்தப் பேச்சு, ஒரு வகுப்பறைக் கட்டுரையில் நடந்தது. முடிக்கும்போது, என் கொள்கை தவறென்று காட்டினால் விட்டுவிடத் தயார் என்றும் சொன்னார். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். கேள்வியை அவர் கூப்பிடுகிறார். மணியடித்து அனுப்புகிற கருத்தரங்கில் இது நடக்குமா?

அந்தக் கட்டுரை 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சானது. அதே 1917இல்தான் அவர் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்புகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டுகிறார்கள். அலுவலகத்தில் சேவகன் கோப்பைத் தொடாமல் தூக்கி எறிகிறான். கட்டுரை அச்சான கையும் கோப்பு எறியப்பட்ட கையும் ஒரே கை. 'அறிவு வந்தால் சாதி போகும்' என்று நமக்குப் போதிக்கிற பெரியவர்கள் இந்த ஒரு வருசத்தைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

இந்த மாவட்டத்தில் அறிவும் சாதியும் தொழிலும் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று பாருங்கள். 1899இல் சிவகாசி நாடார்கள் கோயில் நுழைவுக்காகக் கொள்ளையும் கொலையும் பார்த்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்தார்கள். மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள். இன்றைக்குச் சிவகாசியில் மகளிர் கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு கம்பெனி பெயர் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஹார்ட்கிரேவ் வந்து அவர்கள் வரலாற்றை எழுதி 1969இல் புத்தகமாகப் போட்டார். பொறாமையில் சொல்லவில்லை. தீட்டு என்று தள்ளப்பட்ட ஒரு சாதி தன் வரலாற்றைத் தானே பேச இடம் கட்டிக்கொண்டது என்பது நாம் படிக்க வேண்டிய பாடம். அப்படி ஏறியவர்கள் ஏணியைக் கீழே விட்டார்களா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்போம்.

நாம் எப்படி ஆய்வுக்குள் வந்தோம்? எண்ணிக்கையாக வந்தோம். 1980களில் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி எழுத வந்தார்கள். ஸ்மிது கோத்தாரி 1983இல் எழுதினார். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று 1990இல் சலம் பென்னுர்கர் படம் எடுத்தார். மைரன் வைனர் 1991இல் புத்தகம் போட்டார். எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று. இதனால் நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். விடியுமுன் வண்டியில் தூங்கி விழுந்துகொண்டே வேலைக்குப் போன பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆய்வுகள் நடந்த தெருவில் அவை ஒருநாளாவது வாசிக்கப்பட்டனவா? "நீங்க சொன்னதை இப்படி எழுதியிருக்கோம், சரியா?" என்று யாராவது கேட்டார்களா? ஆய்வாளர் கேட்பார், தகவலாளி சொல்வார். உறவு அத்தோடு முடிந்தது.

தகவலாளி. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு மாணவி, பெயர் வேண்டாம், பட்டாசுத் தொழிலாளர் வழக்குச் சொற்களைத் தொகுத்தார். பின்னிணைப்பில் தகவலாளி பட்டியல் போட வேண்டும்: பெயர், வயது, சாதி, படிப்பு. அவருடைய அம்மாவே மணிமருந்து ரூமில் வேலை பார்த்தவர். ஆகவே அம்மா 'தகவலாளி 7' ஆனார். வீட்டில் குறிப்பெடுக்கும்போது அந்தம்மா கேட்டதாம்: "ஏத்தா, நான் சொல்றத எழுதுனா ஒனக்கு டாக்டர்ங்கிறாக. சொன்ன எனக்கு என்னங்கிறாக?" மகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பல்கலைக்கழகத்திடம் இருக்கிறதா?

அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. வெடி விபத்துச் செய்திகளைச் சேர்க்க ஆரம்பித்தார். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஓம்சக்தி ஆலை, 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கு மேல். 2024 மே, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இடையில் ஒருத்தர் ரெண்டு பேர் செத்தது எத்தனையோ. சேர்த்து வைத்து, தமிழ் படித்த பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தார். வாக்கியத்தைப் பிரித்தார்.

செய்தி எப்படி இருக்கும்? 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்தது.' வருசம் மாறும், ஊர் மாறும், இந்த வாக்கியம் மாறாது. உராய்வு ஏற்பட்டது. விபத்து நிகழ்ந்தது. எல்லாம் தானாக நடக்கிறது. செய்தவர் யாரும் கிடையாது.

தொல்காப்பியம் ஒரு தொழிலுக்கு எட்டு முதனிலை சொல்கிறது. வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னாருக்காக, இன்ன பயனுக்காக. அவர் இந்த எட்டையும் கட்டம் போட்டு ஒவ்வொரு செய்தியையும் அதில் நிரப்பிப் பார்த்தார். இடம் நிரம்பியது. காலம், மணி முதற்கொண்டு நிரம்பியது. கருவி, அதாவது மருந்து, நிரம்பியது. செயப்படுபொருள் நிரம்பி வழிந்தது. பெயர், வயது, கணவர் பெயர், ஊர். செய்பவர் கட்டம் காலி. யாருக்காக, என்ன பயனுக்காக, அந்த இரண்டும் காலி.

அந்தக் காலிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர் அம்மாவுக்குத் தெரியும். உரிமம் ஒருத்தர் பெயரில், நடத்துவது வேறொருத்தர். ரூம் ரூமாக லீசுக்கு விட்டிருப்பது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, உள்ளே பத்துப் பேர். தீபாவளி ஆர்டர், பீஸ் ரேட்டு, அவசரம். நேற்றைய மருந்து மிச்சத்தை இன்றைக்குத் தொடுவது. சோதனைக்கு வருகிற அதிகாரி. உராய்வு சும்மா வரலை தோழர்களே, கூலி உராயுது, லீஸ் உராயுது. 'உராய்வு' என்ற ஒரு சொல் இத்தனை பேரையும் வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறது. இதைச் சொல்வதற்கு வேதியியல் வேண்டாம், இலக்கணம் போதும்.

இந்தக் கட்டுரையை ஒரு கருத்தரங்கில் வாசித்தார். தலைவர் கேட்டார், "இதில் இலக்கியம் எங்கேம்மா இருக்கு? சமூகவியல் துறைக்கு அனுப்புங்க." மணி அடித்தாயிற்று. அடுத்த கட்டுரை, திருக்குறளில் மேலாண்மைச் சிந்தனைகள்.

தொல்காப்பியத்தை அந்தப் பெண் கையாண்ட மாதிரி அன்றைக்கு அந்த அரங்கில் யாரும் கையாண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பயர் ஆபீசுக்குத் தொல்காப்பியத்தைக் கூட்டிப் போனது குற்றம். அது கோயில் நுழைவு மாதிரி. நாம் அதற்குள் போவதும் தீட்டு, அது நம் தெருவுக்கு வருவதும் தீட்டு.

"இப்பத்தான் தலித் இலக்கியத்துக்கு அமர்வே ஒதுக்குறாங்களே" என்று சில தோழர்கள் சந்தோசப்படலாம். ஒதுக்குறாங்க, சரியான சொல். இந்த மாவட்டத்து மேற்கு மலையடிவாரம் வ.புதுப்பட்டி, ராஜ் கௌதமனும் அவர் தங்கை பாமாவும் பிறந்த ஊர். 'கருக்கு' 1992இல் வந்தபோது அதை வெளியிட்டது பல்கலைக்கழகம் இல்லை, மதுரையில் ஐடியாஸ் என்கிற சமூக ஆய்வு மையம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2000இல் வந்த பிறகு உலகம் பூரா பாடமானது. இன்றைக்கு 'கருக்கு' பற்றி ஒரு கட்டுரையாவது வாசிக்கப்படாத தலித் இலக்கியக் கருத்தரங்கு உண்டா? 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மைக்கண்ணியைப் பற்றி 'பாத்திரப் படைப்பு' என்று கட்டுரை எழுதுகிறவர், சிவகாசி பஸ்சில் ஏறி ஒரு மைக்கண்ணியையாவது பார்த்திருப்பாரா? அதே 'சங்கதி'யை 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம், சுகிர்தராணி கவிதைகளோடு சேர்த்து, ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது. ஒதுக்கிக் கொடுத்த இடம், எடுத்துக்கொள்ளத் தோதான இடம். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் இறந்தார். சங்க இலக்கியத்தைத் தலித் பார்வையில் திருப்பிப் போட்டவர். அவருடைய ஆய்வோடு மல்லுக்கட்டுகிற கட்டுரைகளைவிட அவருக்கு அஞ்சலிக் கட்டுரைகள்தான் அதிகமாக வந்தன. அஞ்சலி சுலபம்.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசு ஆய்வு உதவித்தொகை தலித் கிறித்தவருக்குக் கிடையாது. 1950 ஆணை சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறித்தவருக்கு இன்னும் மூடியிருக்கிறது. கிடைக்கிறவர்களுக்கும் அது மாசாமாசம் வருவதில்லை. ரோகித் வெமுலாவுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தொகையை நாம் மறக்க முடியாது. 2016 ஜனவரி 17. கருத்தரங்கு பற்றிப் பேசும்போது இது எதுக்கு என்று கேட்கலாம். சாப்பாட்டுக்கு இல்லாத மாணவன் எந்த அரங்கில் எதைப் பேசுவான்?

இப்ப நாம என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆய்வு நடந்த மரபு நமக்கு உண்டு. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, வாசகர் கேள்வி கேட்க, இவர் பதில் எழுத, ஏழு வருசம் நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர்கள் அதைப் படித்தார்கள். அதுதான் கருத்தரங்கு. எண்பத்தைந்து வருசம் கழித்து 1999இல் ஞான.அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் தமிழ்த் துறைகளுக்கு அப்படி ஒருத்தர் இருந்ததே தெரிந்தது. அதே பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த நா.வானமாமலை 1960களின் இறுதியில் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ஆசிரியர், மாணவர், வேலை பார்ப்பவர் என்று உட்கார்ந்து கட்டுரை வாசித்து, கிழித்து, திருத்தினார்கள். 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழ் வந்தது. வர்க்கத்துக்குப் பின்னால்தான் சாதிக்கு நாற்காலி போட்டார்கள் என்பது என் விமர்சனம். ஆனால் கேள்விக்கு நேரமில்லையென்று அங்கே யாரும் மணியடிக்கவில்லை.

"தனியாக் கூட்டம் போட்டா சேரிக் கருத்தரங்குன்னு ஒதுக்கிருவாக" என்று போன முறை ஒரு தோழர் கேட்டார். நியாயமான பயம். அதனால்தான் சொல்கிறேன், அங்கேயும் போங்கள். சான்றிதழ் வாங்குங்கள், நேர்காணலில் கேட்பார்கள். ஏழு நிமிசத்தில் நாலு நிமிசம் வாசித்துவிட்டு மூன்று நிமிசத்தைக் கேள்விக்கு விடுங்கள். நம்ம ஆள் ஒருத்தர் வாசிக்கும்போது இன்னொருத்தர் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பாட்டு வரிசையில் இல்லை. உட்கார்ந்து, கடுமையான கேள்வி கேட்க வேண்டும். பாராட்டு வேண்டாம். செனாரையும் ரிஸ்லியையும் அம்பேத்கர் பாராட்டவா செய்தார்?

இங்கே நாம் போடப்போகிற கூட்டம் தீபாவளி முடிந்த வாரத்தில். பயர் ஆபீஸ் அடைப்பு, வேன் வராது, ஆட்கள் ஊரில் இருப்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் சமுதாயக் கூடம் கேட்டிருக்கிறோம். நாளுக்கு நாலு கட்டுரை மட்டும். கட்டுரைக்கு ஒரு மணி நேரம், அதில் பாதி கேள்விக்கு. முதல் கேள்வி ஊர்க்காரர்தான் கேட்க வேண்டும், பேராசிரியர் யாராவது வந்தால் மூன்றாவதாகக் கேட்கலாம். பதிவுக் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு அரிசி பிரிக்கிறோம். முதல் கட்டுரை அந்த எட்டுக் கட்டக் கட்டுரை. தகவலாளி 7 முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் அவருடைய பெயர் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை அவரும் மகளும் பேசி முடிவு செய்து கொண்டுவரட்டும். மற்ற மூன்று இடத்துக்குத் தலைப்பை ஆவணி முடியுமுன் இதழ் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். கையால் எழுதினாலும் போதும்.